தொண்டைக் கோளாறுக்கு வீடியோ ஆலோசனையா, நேர்ப் பரிசோதனையா?

நாளெல்லாம் பேச வேண்டிய வேலை எனக்கு. ஐந்து வாரமாகக் குரல் கம்மியே கிடந்தது. வலியோ காய்ச்சலோ இல்லாததால் முதலில் வீடியோ காலில் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். டார்ச் அடித்து வாயைத் திறந்து காட்டச் சொன்னார், நிதானமாக விசாரித்தார். வயிற்று அமிலம் மேலேறுவதாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். இரண்டு வாரம் சாப்பிட்டும் குரல் தெளியவில்லை. பிறகு நேரில் போய் ஈ.என்.டி. மருத்துவரைப் பார்த்தேன். மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பை இறக்கிய சில நிமிடங்களில் விஷயம் தெரிந்துவிட்டது: இரண்டு குரல்நாண்களிலும் எதிரெதிரே சிறு முடிச்சுகள்.

வீடியோவில் அலைச்சல் இல்லை, காத்திருப்பு இல்லை. அதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: மருத்துவரால் குரல்நாணைப் பார்க்க முடிகிறதா?

வாயைத் திறந்தால் டான்சிலும் உள்நாக்கும் தொண்டையின் பின்சுவரும் தெரியும். குரல்நாண்கள் அதற்கும் கீழே, நாக்கின் அடிப்பகுதி மறைக்கும் இடத்தில் இருக்கின்றன. எவ்வளவு உயர்ந்த கேமராவானாலும் வளைந்து பார்க்காது. 1854-இல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் தன் குரல்நாண்களைத் தானே பார்த்ததும் வாய்க்குள் சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, சூரிய ஒளியை உள்ளே செலுத்தித்தான்.

பார்க்க முடியாவிட்டால் கேட்டாவது கண்டுபிடிக்கலாமே என்றால், அதிலும் சிக்கல் உண்டு. வீடியோ செயலிகள் பல, இரைச்சலை வடிகட்டுகின்றன. குரலில் காற்று கசியும் ஓசையும் கரகரப்பும் அதோடு அடிபட்டுப் போகலாம். மருத்துவர் கேட்க வேண்டியதே அந்த ஓசைகளைத்தான்.

குரல் கம்மல் 4 வாரத்தில் சரியாகாவிட்டால் குரல்வளையை உள்ளே பார்த்தாக வேண்டும் என்கிறது அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர் அமைப்பு 2018-இல் திருத்திய வழிகாட்டுதல். அப்படிப் பார்க்காமல், கம்மலை மட்டும் வைத்து அமில மாத்திரை கொடுக்க வேண்டாம் என்றும் அதுவே சொல்கிறது. எனக்கு நடந்தது அதற்கு நேர்மாறு. எனக்கு இருந்தது வெறும் முடிச்சு. ஆனால் இடது குரல்நாணின் நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டுதான் மேலேறுகிறது. நுரையீரல் பக்கத்துக் கட்டி ஒன்று குரல் கம்மலாகவே முதலில் தலைகாட்டக்கூடும். அப்படிப்பட்டவருக்கு ஊகத்தில் போகும் வாரங்கள் பெரிய இழப்பு.

இரண்டு மூன்று நாள் தொண்டை வலிக்கு வீடியோ மோசமில்லை. பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், தானாகவே ஆறும். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டே அறியலாம். டான்சிலில் சீழ் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் தெரியும். கழுத்தில் நெறி கட்டியிருப்பதைத்தான் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெப் பாக்டீரியாவா என்று உறுதிசெய்யத் தொண்டையில் பஞ்சு தடவிச் சோதிக்க வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. கேமரா முன் அவர்கள் அசையாமல் வாயைத் திறப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சிழுக்கும்போது சத்தம் வருகிறது, வாயைத் திறக்க முடியவில்லை என்றால் வீடியோவுக்கு முயலாதீர்கள். நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

நோய் இன்னதென்று தெரிந்த பிறகு வீடியோ எனக்கு நன்றாகவே உதவியது. குரல் பயிற்சி முழுவதையும் அதில்தான் செய்தேன். முடிச்சு கரைந்ததா என்று பார்க்க மட்டும் மறுபடி எண்டோஸ்கோப்புக்கே போனேன்.