மைக்ரோசாஃப்ட் நிறுத்திய ரயிலை இன்னும் ஓட்டுகிறேன்

மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் என்ற, ரயில் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை இருபது வருடத்துக்கு மேல் பயன்படுத்திவிட்டு அனுபவம் எழுதுகிறேன். அதை வெளியிட்ட கம்பெனி ரயில் விளையாட்டே வேண்டாம் என்று 2009-இல் ஒதுங்கிவிட்டது. நான் ஒதுங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் 2001-இல் வந்தது. இங்கிலாந்தின் குஜு நிறுவனம் உருவாக்கியது, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அண்ணன் 2002 கடைசியில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்து தீபாவளித் துணியோடு சேர்த்துக் கொடுத்தார். இரண்டு சிடி. எங்கள் வீட்டில் அப்போது பென்டியம் 3, ராம் 128 எம்பி. உள்ளே ஆறு பாதைகள்: அமெரிக்காவில் இரண்டு, ஜப்பானில் இரண்டு, இங்கிலாந்தில் ஒன்று, ஆஸ்திரியாவில் ஒன்று. திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையில் ஏறுவேன். ஜன்னலுக்கு வெளியே ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின் ஹாரன் கேட்கும். கொல்லைக்கு அந்தப் பக்கம்தான் திருவாரூர்-காரைக்குடி மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதை. திரையில் ஓடுவது அந்த ரயிலாக இருக்கக் கூடாதா என்ற ஆசை முதல் வாரமே வந்துவிட்டது.

அந்த ஆசைக்கு இந்த விளையாட்டு இடம் கொடுத்தது. அதன் பெரிய குணமே இதுதான். இன்ஜின் எத்தனை குதிரைத் திறன், எவ்வளவு எடை, எந்த வகை பிரேக் என்பதெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றலாம். யூனிகோட் என்ற எழுத்து வடிவத்தில் சேமிக்க மறந்தால் இன்ஜின் பட்டியலிலேயே வராது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. பாதை போடுவதற்கான எடிட்டரையும் சிடியிலேயே வைத்துக் கொடுத்திருந்தார்கள். இந்திய ரசிகர்கள் டபிள்யூடிஎம்-2, டபிள்யூஏபி-4 இன்ஜின்களையெல்லாம் தாங்களே செய்து இலவசமாகப் பகிர்ந்தார்கள். சம்பளம் இல்லாமல், ராத்திரி கண் விழித்து, பெட்டியின் ஜன்னல் கம்பி வரைக்கும் எண்ணிச் செய்தவர்கள். அவர்களுக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நானும் பட்டுக்கோட்டை நண்பன் ஒருவனும் சேர்ந்து எங்கள் பாதையைப் போட ஆரம்பித்தோம். திருத்துறைப்பூண்டி, தில்லைவிளாகம், முத்துப்பேட்டை, தம்பிக்கோட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை. மலைப்பாதை போடுகிறவர்களுக்கு ஏற்ற இறக்கம்தான் தலைவலி. எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை, தரை முழுக்கச் சமம். ஆனால் தண்ணீர் வாட்டி எடுத்துவிட்டது. இந்த எடிட்டரில் நிலம் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரே நீர்மட்டம்தான் வைக்க முடியும். தரையை அதற்குக் கீழே தோண்டினால் தண்ணீர் தெரியும். கடைமடைப் பகுதியில் ஆறு ஒரு மட்டத்தில் போகும், பாசன வாய்க்கால் கரை கட்டி வயலுக்கு மேலே போகும், வடிகால் அதற்கும் கீழே போகும். வாய்க்காலுக்காக மட்டத்தை ஒரு அடி ஏற்றினேன். எடிட்டரில் பார்த்தால் நடவு வயல் முழுக்க வெள்ளக்காடு. கடைசியில் வாய்க்கால் தண்ணீரைத் தனித்தனி நீலப் பலகையாகச் செய்து ஒவ்வொன்றாகப் பதித்தோம். ஒவ்வொரு மதகுக்கும் இப்படி.

தென்னந்தோப்பும் அப்படித்தான். காடு போடும் கருவி மரங்களை இஷ்டத்துக்கு இறைத்துவிடும். முத்துப்பேட்டைப் பக்கத் தோப்பு அப்படி இருக்காது, இருபத்தைந்து அடி இடைவெளியில் வரிசை வரிசையாக நிற்கும். ரயிலில் போகும்போது ஒரு கணம் வரிசைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நீளச் சந்து தெரியும், அடுத்த கணம் கலைந்துவிடும். அது திரையிலும் வர வேண்டும் என்பதற்காகத் தென்னையை மரம் மரமாக நட்டேன்.

அப்புறம் 2007 ஜனவரி. ட்ரெயின் சிமுலேட்டர் 2 வருகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் என்ற விமான விளையாட்டைச் செய்த, மைக்ரோசாஃப்டின் சொந்த ஏசஸ் ஸ்டுடியோவே செய்யப்போகிறது என்றார்கள். (குஜுவை வைத்து இரண்டாம் பாகம் கொண்டுவரும் முயற்சி அதற்கு முன்பே ஒருமுறை நின்றுபோயிருந்தது.) நாங்கள் துள்ளிக் குதித்தோம். புதியது வந்தால் அதிலேயே நம் பாதையை நன்றாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அதிராம்பட்டினத்தோடு வேலையை நிறுத்தினோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நாங்களாக எடுத்த முடிவு அது.

2009 ஜனவரி 22 அன்று மைக்ரோசாஃப்ட் ஐயாயிரம் பேர் வரை வேலைக்குறைப்பு என்று அறிவித்தது. உலகமே பொருளாதாரச் சரிவில் இருந்த நேரம். அந்தக் குறைப்பில் ஏசஸ் ஸ்டுடியோ மூடப்பட்டது, ட்ரெயின் சிமுலேட்டர் 2-உம் அதோடு போனது. 1982 முதல் ஃப்ளைட் சிமுலேட்டரை விற்றுவந்த கம்பெனி அது. வீட்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் செய்தியைப் படித்துவிட்டு வெளியே வந்து நின்றேன். நண்பன் போனில் கூப்பிட்டான். "மாப்ளே, கடையைச் சாத்திட்டாங்கடா" என்றான். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

ரசிகர்கள் கொதித்தார்கள். எக்ஸ்பாக்ஸ் வியாபாரத்தை வைத்துக்கொண்டு இதை மட்டும் வெட்டினார்களே என்ற கோபம் பலருக்கு. சிலர் குஜு தனியாக 2007-இல் கொண்டுவந்த ரயில் சிமுலேட்டருக்கு மாறினார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் இன்றைக்கு டவ்டெயில் கம்பெனி விற்கும் ட்ரெயின் விளையாட்டுகள். மாறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அதில் வெயிலும் நிழலும் அழகாக இருக்கும். ஆனால் எங்கள் மூன்று வருட உழைப்பு பழைய கோப்புகளில் இருந்தது. கம்பெனிக்கு அதன் கணக்கு இருக்கும், சரி. ஆனால் ஒரு விளையாட்டை வைத்து ஆயிரக்கணக்கானோர் தங்கள் ஊரைச் செய்துகொண்டிருக்கும்போது, அது வெறும் விற்பனைப் பொருள் இல்லை. இதை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

காப்பாற்றியது அந்த எழுத்துக் கோப்புகள்தான். பூட்டு இல்லாததால் ரசிகர்களே அவற்றைப் படிக்கிற புதிய மென்பொருளை எழுத முடிந்தது. ஓப்பன் ரெயில்ஸ் என்று பெயர். மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், காசு கிடையாது. பழைய பாதை, பழைய இன்ஜின், பழைய பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. அது முதலில் எழுதப்பட்டது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்என்ஏ என்ற கருவித்தொகுப்பின் மேல். அதையும் கம்பெனி நிறுத்தியது. எழுதுகிறவர்கள் அசரவில்லை, மோனோகேம் என்ற வேறொரு தொகுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நண்பனும் நானும் அதிராம்பட்டினத்தில் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். அதற்குள் வெளியே நிஜப் பாதையே நின்றுபோயிருந்தது. 2012-இல் அகலப்பாதைப் பணிக்காக மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். கம்பன் எக்ஸ்பிரஸ் போன தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மீண்டும் திருவாரூரிலிருந்து காரைக்குடி வரை ரயில் ஓடியது 2019-இல். இடைப்பட்ட ஏழு வருடம் இந்தப் பாதையில் எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ரயில் ஓடியது.

பெரியப்பா ரயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 2015 பொங்கலுக்கு வந்திருந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

"வேக்கம் ஊசி எங்கடா?" பிரேக் குழாயில் உள்ள வெற்றிடத்தின் அளவைக் காட்டும் ஊசியைக் கேட்டார்.

"இடது பக்கம் பெரியப்பா. சின்னதா இருக்கு பாருங்க."

முத்துப்பேட்டை நெருங்கியது. நான் பிரேக் போடும் இடத்துக்கு வெகு முன்னாலேயே கையை நீட்டினார். "இப்பப் பிடி. பிடிச்ச உடனே நிக்காது தம்பி, காத்து கடைசிப் பெட்டி வரைக்கும் போய்ச் சேரணும்." பிடித்தேன். வண்டி பிளாட்பாரத்தில் அளவெடுத்தது போல நின்றது. ஓப்பன் ரெயில்ஸில் வேக்கம் பிரேக் அந்த அளவுக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அங்க ஒரு புளியமரம் உண்டு. அது வந்தா கை தானா போகும். நீ மரத்தை வைக்கலையே" என்றார். அன்று ராத்திரியே வைத்தேன், அவர் கை காட்டிய இடத்தில்.

அடுத்து இன்னொன்றும் கேட்டார். "ஸ்டேஷன்ல டோக்கன் வாங்காம எப்படிடா கிளம்புறே?" டோக்கன் என்பது முன்னால் உள்ள பாதையில் போக டிரைவருக்குக் கொடுக்கும் அனுமதி அடையாளம். ஒற்றைப் பாதையில் அது கைக்கு வராமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. அதற்கு விளையாட்டில் வழியே இல்லை. பெரியப்பா இரண்டு வருடத்தில் காலமாகிவிட்டார். அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். ஓடு பறந்து, கம்ப்யூட்டர் நனைந்து, ஹார்ட் டிஸ்க் போனது. கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. சென்னையில் அண்ணனிடம் ஒரு பென் டிரைவில் பிரதி இருந்தது, அதுதான் மிச்சம். முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி எங்கும் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. சின்னத்தாத்தா தோப்பில் நின்றவை பதினொன்று. அண்ணன் லேப்டாப்பில் பாதையைத் திறந்தபோது வரிசைகள் பழையபடி சேர்ந்து பிரிந்தன. சின்னத்தாத்தா எழுந்து வந்து, தன் தோப்பு எங்கே என்று கேட்டார். ரயிலை அந்த இடத்தில் நிறுத்தினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஓட்ட நினைப்பவர்களுக்கு. ஓப்பன் ரெயில்ஸ் சாதாரண லேப்டாப்பில் ஓடும், என்னுடையது பழைய ஐ3 ப்ராசசர். பாதை போட பழைய எடிட்டர் வேண்டாம். அது எப்போது மூடிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ரசிகர் ஒருவர் எழுதிய டிஎஸ்ஆர்இ என்ற எடிட்டர் எவ்வளவோ மேல். தண்டவாள அகலத்தை ஒரு மீட்டர் என்று ரயில் பெட்டியின் கோப்பில் குறிப்பிட்டால், வளைவில் ஓப்பன் ரெயில்ஸ் அதற்கேற்பக் கணக்குப் போடும். பல பாதைகளுக்கு 2001 சிடியில் உள்ள கோப்புகள் இன்னும் தேவைப்படும், அதனால் சிடி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். மரமும் மனிதர்களும் அட்டையில் வெட்டியது போலத்தான் இருக்கும். புதிய விளையாட்டுகளின் பளபளப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் புதுப் பொலிவோடு திரும்பி வந்தது, அதை ஓட்டிய நண்பர்களின் சந்தோஷத்தை நேரில் பார்த்தேன். ரயிலுக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. வரும் என்று காத்திருந்து மறுபடி வேலையை நிறுத்த மாட்டோம்.

அக்கா மகன் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். ஓப்பன் ரெயில்ஸின் மூலநிரலை இறக்கி வைத்துக்கொண்டு டோக்கனுக்கு வழி தேடுகிறான். சிக்னல் பகுதியில் எங்கே கை வைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் டோக்கன் வளையத்தின் உருவத்தை மட்டும் செய்து காட்டினான். பிரம்பு வளையம், அடியில் தோல் பை. வளையம் சின்னதாக இருக்கிறது, தோளில் மாட்டுகிற அளவுக்கு வேண்டும் என்றேன். மாற்றிக்கொண்டிருக்கிறான். தில்லைவிளாகத்தில் முதலில் வைக்கப்போகிறோம்.