பழைய டெல் டவரில் ராமும் கிராபிக்ஸ் கார்டும்: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

கிருஷ்ணகிரியில் கல்யாண ஆல்பமும் ஃப்ளெக்ஸும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். கடையில் இருப்பது பெங்களூரு அலுவலகம் ஒன்றிலிருந்து கழிந்து வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர். இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ5-4570 பிராசஸர், வாங்கும்போது 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது கோப்பைத் தாங்கும் தற்காலிக நினைவகம்). எஸ்எஸ்டி முன்பே போட்டிருந்தேன். ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாமல் கடை ஓய்ந்திருந்த நேரத்தில் ராமையும், சில மாதம் கழித்து கிராபிக்ஸ் கார்டையும் மாற்றினேன்.

கொடுத்த காசுக்கு முழுப் பலன் தந்தது ராம்தான். காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 12-க்கு 36 அங்குல ஆல்பத் தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 10,800-க்கு 3,600 பிக்சல். முழுத் தாளையும் நிரப்பும் ஒரு லேயருக்கே (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படப் படலம்) ஏறத்தாழ 110 எம்பி தேவை. பின்னணி, மாப்பிள்ளை, பெண், பூ, நிழல் என்று லேயர்கள் ஏற ஏற 4 ஜிபி எந்த மூலைக்கு? மிச்சத்தை ஃபோட்டோஷாப் வட்டில் எழுதி எழுதிப் படிக்கும். நாம் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தப் பெட்டி ஏற்கும் டிடிஆர்3 வகை ராமில் இரண்டு 8 ஜிபி துண்டுகளை இணையாக மாட்டியதும் அந்தக் காத்திருப்பு போய்விட்டது. ஒரே 16 ஜிபியாகத் தேடி அலைய வேண்டாம். இந்தத் தலைமுறை மதர்போர்டுகள் அதை ஏற்காது, இரண்டாகப் போட்டால் வேகமும் கூடும்.

பழைய ராம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் சர்வர் ராம் இந்தப் பெட்டியில் வேலை செய்யாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். லேபிளில் 'ஆர்' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், 12800ஆர் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். மாட்டிய பிறகு ஓர் இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிடுவது நல்லது.

கார்டு விஷயம் வேறு. 9020-இன் பவர் சப்ளை 290 வாட்தான். கார்டுக்கென்று தனி ஒயர் அதில் கிடையாது. மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் டெல்லுக்கே உரிய 8 பின் என்பதால் கடையில் கிடைக்கும் வேறு பவர் சப்ளையை அப்படியே மாற்றவும் முடியாது. "அண்ணா, ஸ்லாட்டிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும் கார்டாகப் பாருங்கள்" என்றான் சர்வீஸ் செய்யும் தம்பி. அந்த ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் அடங்கியது 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. அதிலும் தனியாக 6 பின் கரண்ட் ஒயர் கேட்கும் மாடல்கள் உண்டு, படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஆல்பம் வேலையில் அதனால் பெரிய லாபம் இல்லை. பெரிதாக்கிப் பார்ப்பதும், உருவத்தை இழுத்து வளைக்கும் லிக்விஃபையும் வழுக்கிக்கொண்டு போகின்றன. கோப்பைத் திறப்பதும் சேமிப்பதும் பழைய வேகம்தான். வீடியோவில்தான் கார்டு சம்பாதித்தது. செல்போனில் எடுத்த எச்இவிசி (இறுக்கிச் சுருக்கும் வீடியோ வடிவம்) காட்சிகள் முன்பு டைம்லைனில் திக்கித் திணறும், இப்போது ஓடுகின்றன. ஆனால் கேமராக்காரர்கள் பெருமையாகக் கொண்டுவரும், நிற விவரம் கூடுதலான 10 பிட் 4:2:2 காட்சிகளுக்கு இந்தக் கார்டு கை கொடுக்காது. அவற்றுக்கு இன்றும் பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் உருவாக்கும் சிறிய நகல்) போட்டுத்தான் எடிட் செய்கிறேன்.

சில தொல்லைகளும் உண்டு. கடை நெடுஞ்சாலைப் பக்கம் என்பதால் கார்டின் விசிறியில் தூசி கம்பளி மாதிரி படிகிறது; சித்திரை வெயிலுக்கு முன் ப்ளோயர் அடித்தே ஆக வேண்டும். கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்கும் நேரமும் குறைந்துவிட்டது, முடித்த வீடியோவை ரெண்டர் செய்து கோப்பாக்கும்போது இன்னும் மோசம்.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நான்காம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. கார்டுக்கும் என்விடியா 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டுமே தரும். எனவே இப்போது இத்தகைய பெட்டி வைத்திருப்பவர் புகைப்பட வேலைக்கு ராம் மட்டும் போட்டுக்கொள்ளலாம். வீடியோவுக்கென்று கார்டு வாங்கும் காசை விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறைப் பெட்டிக்குச் சேர்ப்பேன். நானும் அப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கார்டைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அவற்றில் டிடிஆர்4 ஸ்லாட்; காசுக்கு முழுப் பலன் தந்த ராம் இந்தப் பெட்டியோடுதான் போகும்.