கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு: சேலத்துக்கு எந்தத் தரை, எந்த மரம்?

சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பூச்சு வேலை முடிந்த அதே மாதம், ஏற்காட்டில் இருக்கும் அக்கா தன் பழைய எஸ்டேட் வீட்டுக்குப் புதுத் தரை போட ஆரம்பித்தாள். சேர்ந்தே கடை ஏறினால் விலையைக் குறைத்துப் பேசலாம் என்று திட்டம். கடைசியில் ஒரு டைல்கூட இரண்டு வீட்டுக்கும் பொதுவாக அமையவில்லை. நடுவில் இருப்பது 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஆனால் உயரத்தில் 1,200 மீட்டர் வித்தியாசம். அவளுக்கு எதிரி ஈரம், எனக்கு எதிரி வெயிலும் உப்புத் தண்ணியும்.

ஹாலுக்கு என் பட்டியலில் நாலு பேர்: விட்ரிஃபைடு டைல், கருப்பு கிரானைட், ஆத்தங்குடிக் கல், அம்மாவின் ஆசைக்கு ரெட் ஆக்சைடு என்ற பழைய சிவப்புச் சிமெண்ட் தரை. ரெட் ஆக்சைடு முதல் நாளே கழன்றுகொண்டது. மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கைப்பக்குவம் இப்ப யாருகிட்டயும் இல்லீங்க சார். நாளைக்கு வெடிப்பு விட்டா என்னையத்தான் திட்டுவீங்க." நேர்மையான மனுஷன்.

மிச்சத்தைக் கடையின் ஏசியில் நின்று முடிவு செய்ய மனசு வரவில்லை. அங்கே எல்லாமே அழகாகத்தான் இருக்கும். க்ரீம் விட்ரிஃபைடு, அடர்சாம்பல் மேட் டைல், ஒரு துண்டு கருப்பு கிரானைட், ஒரு ஆத்தங்குடிக் கல் என்று மாதிரி வாங்கி வந்து மொட்டைமாடியில் வரிசையாக வைத்தேன். தினமும் மதியம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளர் போர் தண்ணி. ஐந்து நாள். எங்கள் போர் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கருப்பு கிரானைட்டில் இரண்டாம் நாளே கோலப்பொடி சிந்தின மாதிரி வெள்ளை வளையம். மேட் டைலின் சொரசொரப்புக்குள் உப்பு இறங்கி உட்கார்ந்துகொண்டது, ஈரத்துணிக்கு அசையவில்லை. க்ரீம் டைலிலும் படிந்துதான் இருந்தது, ஆனால் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆத்தங்குடிக் கல் தண்ணியைக் குடித்துவிட்டு, காய்ந்தபோது நிறம் மங்கிக் கிடந்தது.

அடுத்த கேள்வி, இந்த உப்பை எப்படி எடுப்பது? நம் ஊரில் பாதிப் பேர் கையில் எடுப்பது ஆசிட் பாட்டில். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்வது. சிமெண்டை ஆசிட் தின்னும், ஆகவே ஒரே கழுவலில் மினுமினுப்புப் போய்விடும். விட்ரிஃபைடு அப்படி இல்லை. அது தண்ணீரை உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் கீழே, ஆசிட்டும் லேசில் ஒன்றும் செய்யாது. ஆனால் டைலுக்கு நடுவே அடைக்கிற சிமெண்ட் அரித்துப்போகும். அதனால் குளியலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி பிசின் போட்டு அடைக்கச் சொன்னேன். காசு கூட, தப்பில்லை.

விட்ரிஃபைடிலேயே இன்னொரு சண்டை உண்டு. மார்பிள் மாதிரி பளபளக்கும் ஜிவிடி டைலில் டிசைன் மேல்பூச்சில் அச்சடித்தது. டபுள் சார்ஜ் என்ற வகையில் நிறம் 3, 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். கட்டிலை இழுக்கிற, மணலோடு செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே வருகிற குடும்பம் எங்களுடையது. டபுள் சார்ஜ் என்று முடிந்தது. டிசைன் குறைவுதான், கடைக்காரருக்கு முகம் சுருங்கியது.

ஆத்தங்குடியை முழுக்க விட மனசு இல்லை. பூஜை அறைக்கும் முன்திண்ணைக்கும் மட்டும் போட்டோம். அங்கே குழாயில் வரும் மேட்டூர் தண்ணியில்தான் துடைப்பது, அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு துடைப்பு. கிரானைட்டை அடுப்பு மேடைக்கு அனுப்பினேன். சூடான குக்கரை அப்படியே இறக்கலாம், புளி சிந்தினாலும் கவலையில்லை. மார்பிளில் புளியும் எலுமிச்சையும் தடம் விட்டுவிடும். கருப்பு மட்டும் வேண்டாம் என்றேன், காரணம் இன்னும் மாடியில் கிடக்கிறது.

அக்கா வீட்டில் எல்லாமே தலைகீழ். டிசம்பர் காலையில் டைலில் கால் வைத்தால் மண்டை வரை குளிர் ஏறும். மரத்தரை மாதிரி இருக்கிற லேமினேட் பலகையைத்தான் அவள் முதலில் பார்த்தாள். அதன் உள்ளே அழுத்திய மரத்தூள்தான், பனிமூட்ட மாதங்களின் ஈரத்துக்கு ஓரம் உப்பிவிடும். கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்பிசி பலகை ஈரத்தைத் தாங்கும், காலுக்கும் டைல் அளவு சில்லிடாது. அதையே போட்டாள். "உனக்கு வெயிலை வெளியே நிறுத்தணும், எனக்கு இருக்கிற கொஞ்சத்தை உள்ளே கூப்பிடணும்டா தம்பி," என்றாள். அதே கணக்கில் அவள் ஜன்னலைப் பெரிதாக்கினாள், நான் மேற்குப் பக்கம் ஒரு ஜன்னலையே அடைத்தேன்.

அலமாரி விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. சிங்க் அடியில் தண்ணீரைத் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள ப்ளைவுட், மற்ற இடத்தில் பொது உபயோகத்துக்கான ஐஎஸ் 303. ஸ்டெயின்லெஸ் தயாரிக்கிற ஊரில் இருந்துகொண்டு சிங்க்கை வேறு எதில் வாங்குவது?

வெளியே வருவோம். மேற்கில் 12 அடி அகலத்தில் சுமார் 300 சதுர அடி காலியிடம். மூன்று யோசனை: புல்தரை, பேவர் பிளாக், மரம்.

புல்தரைக்கு மனைவி ஓட்டு. கணக்குப் போட்டுக் காட்டினேன். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் 300 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 140 லிட்டர், அதுவும் உப்புத் தண்ணி. ஓட்டு வாபஸ். ஏற்காட்டில் புல் கேட்காமலே வளரும், வெட்டுவதுதான் வேலை. சில காலைகளில் அதன் மேல் காட்டெருமைக் குளம்புத் தடமும் கிடக்கும்.

பேவர் பிளாக் சுத்தமாக இருக்கும், வண்டி நிறுத்தலாம், களை குறைவு. ஆனால் மதியம் முழுக்கச் சூட்டைக் குடித்து, ராத்திரி எட்டு மணி வரை படுக்கையறைச் சுவர் மேல் ஊதும். அந்த ஒன்பது அங்குலச் சுவரே ஏற்கெனவே அதே வேலையைத்தான் செய்கிறது. கார் நிற்கும் வடக்குப் பக்கத்துக்கு மட்டும் 60 மில்லிமீட்டர் பிளாக், மழைநீர்த் தொட்டி பக்கம் சாய்வு வைத்து. மேற்கே மரம்தான்.

எந்த மரம்? முருங்கை வேகமாக வரும், கம்பளிப்பூச்சியும் கூடவே வரும். புங்கன் நல்ல அடர்நிழல், பராமரிப்பு கிடையாது. என் அறிவு புங்கன் பக்கம். அம்மாவுக்கோ சேலத்தில் வீடு கட்டி மல்கோவா வைக்காமல் இருப்பது ஊருக்கே அவமானம். ஒட்டுக் கன்று மூன்று நாலு வருஷத்தில் காய்க்கும், ஆண்டுதோறும் கவாத்து செய்தால் அடக்கமாகவும் நிற்கும், ஆனால் சின்ன இடத்தில் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து ஒன்பது அடி தள்ளி, மதில் பக்கம் மாவுக்கு, தெற்கு மூலையில் புங்கனுக்கு என்று இரண்டு இடம் குறித்தோம். செப்டிக் டேங்க் எதிர்ப்பக்கம்.

மூன்றடிக் குழி வெட்ட ஆள் விட்டேன். ஒரு அடியிலேயே கடப்பாரை கணீர் என்றது. உடைந்த டைல், இறுகிப்போன சிமெண்ட் மூட்டை, பெயிண்ட் டப்பா என்று கட்டுமானக் குப்பை மொத்தமும் அங்கேதான் புதைந்திருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மட்டம் பண்ணச் சொன்னீங்களே சார்," என்றார். இப்போது முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டுச் செம்மண்ணும் மக்கின சாணமும் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். மல்கோவா கன்று நிழலில் பையோடு காத்திருக்கிறது.