கொரோனா 'ஹோம் கேர்' பேக்கேஜ்: குழந்தை பெயரைச் சொல்லி 11,799 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள், ஜாக்கிரதை

இரண்டரை வயதுப் பையனுக்குக் காய்ச்சல் என்று, போனிலேயே மருத்துவம் பார்க்கும் ஆப் ஒன்றில் 11,799 ரூபாய் கட்டினேன். பையன் இப்போது நன்றாக இருக்கிறான். அதற்கும் அந்த ஆப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பணம் திரும்பி வரவில்லை. புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடாதே என்று வக்கீலாக இருக்கும் சித்தப்பா சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. ஆனால் இந்த மாதிரி பேக்கேஜைக் கொரோனா காலத்தில் பல பேர் விற்றார்கள். போனைத் திறந்தாலே விளம்பரம் வந்தது. குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் கோயம்புத்தூர். 2021 மே கடைசி வாரம் இங்கே எப்படி இருந்தது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 24ஆம் தேதியிலிருந்து தளர்வில்லாத ஊரடங்கு. தினசரி எண்ணிக்கையில் சென்னையையே தாண்டிவிட்டோம். வீட்டுக்காரர் பாசிட்டிவ் ஆகி மாடி அறையில் இருந்தார். கீழே நானும் பையனும் மட்டும். அவனுக்கு ராத்திரி 102 டிகிரி. எப்போதும் காட்டும் குழந்தை டாக்டருக்கே கொரோனா வந்து கிளினிக்கை மூடியிருந்தார். இன்னொரு இடத்தில் போன் செய்தால், "ஆர்டிபிசிஆர் ரிசல்ட் இருந்தால் கூட்டி வாங்க" என்றார்கள். ரிசல்ட் வரும்வரை காய்ச்சல் காத்திருக்குமா?

அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. பெயரும் நம்பரும் போட்டதும் உடனே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வேகத்தை மட்டும் நான் குறை சொல்லவே மாட்டேன். பேசிய பெண்ணின் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. "அக்கா, பயப்படாதீங்க. குட்டிப் பையனா? எங்க பீடியாட்ரிக் பேக்கேஜ் எடுத்துக்கோங்க, பதினாலு நாளும் குழந்தை டாக்டர் உங்க கூடவே இருப்பார்" என்றாள். தினமும் வீடியோ கால், ஒருநாள் விட்டு ஒருநாள் நர்ஸ் நேரில் வருவார், வீட்டுக்கே வந்து டெஸ்ட், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்க குழந்தைக்கான ஆக்ஸிமீட்டர், நடு ராத்திரி ஆனாலும் எடுக்கும் நம்பர். இவள் சொல்லச் சொல்ல இந்தப் பக்கம் பையன் அழுகிறான். அது அவளுக்குக் கேட்டது. "பாவம் அழறான் பாருங்க அக்கா, ஸ்லாட் இருக்கறப்பவே போட்டுடறேன், நீங்க பேமென்ட் மட்டும் முடிச்சிடுங்க." யாருமே எட்டிப் பார்க்காத நேரத்தில் ஒருத்தி என் பிள்ளை அழுவதைக் கேட்டுப் பேசுகிறாள். வேறு என்ன தோன்றும்? 9,999 ரூபாய் என்று சொன்னது, கட்டும் பக்கத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 11,799 ஆக நின்றது. கூகுள் பேயில் கட்டினேன். அந்த ஜிஎஸ்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

டாக்டர் வீடியோவில் வந்தார். முகம் பாதி தெரிந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் "கோவிட் சஸ்பெக்ட்தான், மருந்து அனுப்பறேன்" என்று வைத்துவிட்டார். பையன் எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை, மருந்துக்கடைக்குப் போனபோதுதான் உறைத்தது.

சீட்டில் பாராசிட்டமால் 5 மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இருந்தது. எந்த மருந்தில் 5 மில்லி என்று இல்லை. பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், பாராசிட்டமாலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப் உண்டு, 250 உள்ள சிரப் உண்டு, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தும் உண்டு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். என் வீட்டில் இருந்தது அந்தச் சொட்டு மருந்து. கடை அண்ணனிடம், "டிராப்ஸ் வீட்டிலேயே இருக்குதுங்கண்ணா, மற்றதை மட்டும் கொடுங்க" என்றேன். அவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி எத்தனை கிலோ?" என்று கேட்டார். 12 கிலோ. "அம்மணி, டிராப்ஸை 5 மில்லி கொடுத்துறாதீங்க, 500 மில்லிகிராம் போயிடும். இவனுக்கு 180ஐத் தாண்டக் கூடாது" என்றார். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதுதான் கணக்காம். 11,799 ரூபாய் வாங்கிய டாக்டர் கேட்காத கேள்வியை, நாற்பது ரூபாய் சிரப் விற்கிறவர் கேட்டார். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

சீட்டில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தும் வேறு இருந்தன. ஐவர்மெக்டினை 15 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த சீட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயரும் வயதும்தான் மாறியிருந்தன.

ஆக்ஸிமீட்டர் கூரியரில் வந்தது. பெரியவர்கள் விரலில் மாட்டுவது. பையன் விரலில் நிற்கவே இல்லை. ஒருமுறை 84 காட்டியது, எனக்கு உயிரே போய்விட்டது, மறுபடி மாட்டினால் ஒன்றுமே காட்டவில்லை. டெஸ்ட் எடுக்க வந்த பையன், ஐந்து வயதுக்குக் கீழே வீட்டில் எடுக்க மாட்டோம் என்று வாசலோடு திரும்பிவிட்டான். நர்ஸ் வரவே இல்லை. அடுத்த வீடியோ கால் "ரீஷெட்யூல்", அதற்கடுத்ததும் "ரீஷெட்யூல்".

ஒரு ராத்திரி பையன் குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தான். மத்தியானத்திலிருந்து மூத்திரம் போகவில்லை, டயப்பர் காய்ந்து கிடந்தது. 'எந்நேரமும் எடுக்கும்' நம்பரில் பாட்டு மட்டும் ஓடியது. எதிர்வீட்டு அண்ணன் கொரோனா வீடு என்றுகூடப் பார்க்காமல் காரை எடுத்தார், அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த கூட்டத்தைப் பற்றி எழுதத் தெம்பில்லை. ஆனால் பிபிஇ உடைக்குள் வியர்த்து நின்ற அந்த இளம் டாக்டர் முதலில் செய்தது, பையனை எடை போட்டதுதான். சட்டையைத் தூக்கி ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணினார். இந்த வயதில் நிமிஷத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் வேகமான மூச்சு, இவனுக்கு இல்லை என்றார். நான் கொண்டுபோன அதே ஆக்ஸிமீட்டரைக் கால் கட்டைவிரலில் மாட்டினார், 98. நீர்ச்சத்து குறைந்துவிட்டது என்று டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஆப் கொடுத்த சீட்டில் பாராசிட்டமாலைத் தவிர மற்றதை அடித்துவிட்டு, சரியான அளவை எழுதி, ஓஆர்எஸ் கொடுக்கச் சொன்னார். டெஸ்ட் அங்கேயே எடுத்தார்கள், பாசிட்டிவ்தான், ஆனால் லேசானது. இதற்கெல்லாம் ஆன செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இனி பணம் திருப்பிக் கேட்ட கதை. அக்கா என்று கூப்பிட்ட பெண்ணின் நம்பர் அதற்குப் பிறகு எடுக்கப்படவே இல்லை. ஆப்பில் சாட் செய்தால் இயந்திரம் பதில் சொன்னது. ஒருவழியாக ஆள் ஒருவர் வந்து, "பேக்கேஜ் ஆக்டிவேட் ஆகிடுச்சு மேடம், ரீஃபண்ட் வராது" என்றார். நர்ஸ் வரவில்லையே என்றால், "எங்க சிஸ்டத்துல விசிட் கம்ப்ளீட்டட்னு இருக்கு" என்கிறார். யார் வந்தது, எப்போது வந்தது, சொல்லுங்கள் என்றேன். சாட் துண்டிக்கப்பட்டது. மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றதற்கு 24 மணி நேரத்தில் கூப்பிடுவார் என்றார்கள். இன்றுவரை அந்த 24 மணி நேரம் முடியவில்லை. அப்புறம் நல்லெண்ண அடிப்படையில் என்று வாலட்டில் 500 ரூபாய் போட்டார்கள், அதுவும் 30 நாளுக்குள் அவர்களிடமே செலவழிக்க வேண்டுமாம். 11,799க்குப் பதில் 500!

மருந்தின் அளவு தவறு என்று எழுதினேன். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது: நாங்கள் டாக்டரையும் நோயாளியையும் இணைக்கும் தளம் மட்டுமே, சிகிச்சைக்கு நாங்கள் பொறுப்பல்ல. சரி, டாக்டரின் பதிவு எண்ணைக் கொடுங்கள் என்றால் அது ரகசியமாம். மத்திய அரசு 2020 மார்ச்சில் கொண்டுவந்த தொலைமருத்துவ விதிமுறைப்படி பதிவு எண் மருந்துச்சீட்டிலேயே இருக்க வேண்டும். என் சீட்டில் கிறுக்கல் கையெழுத்து மட்டும்.

அப்போதுதான் சித்தப்பா பில்லைக் கேட்டார். டாக்டரும் மருத்துவமனையும் கொடுக்கும் சிகிச்சைக்கு ஜிஎஸ்டியே கிடையாதாம். எனக்குப் போட்ட 18 சதவீதம் 'தளச் சேவைக் கட்டணம்' என்ற தலைப்பில் இருந்தது. அதாவது காசு வாங்கிய நிமிஷத்திலேயே, இது சிகிச்சை இல்லை என்று எழுதி வைத்துவிட்டார்கள். பதினாலு நாளும் குழந்தை டாக்டர் கூடவே இருப்பார் என்பது போனில் சொன்னது மட்டும்தான், பில்லில் எங்கேயும் இல்லை. பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இதை விற்றிருக்கிறார்கள்.

எச்சரிக்கைகளை வரிசையாக எழுத நினைத்தேன், பையன் தூங்கி எழுவதற்குள் முடிகிற அளவுக்கு மட்டும் சொல்கிறேன். எடை கேட்காமல் குழந்தைக்கு மருந்து எழுதுகிறவரை நம்பாதீர்கள். சீட்டில் பதிவு எண் இல்லையென்றால் அந்த மருந்தை வாங்காதீர்கள். மொத்தப் பேக்கேஜாகக் கட்டாதீர்கள். தனியார் லேபில் ஆர்டிபிசிஆருக்கு 2021 மே மாதம் அரசு வைத்திருந்த கட்டணம் 900, வீட்டுக்கு வந்தால் 300 கூட, அவ்வளவுதான். வீடியோவில் டாக்டரிடம் கேட்க அரசின் இ-சஞ்சீவனி இலவசமாகவே இருக்கிறது. ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. குழந்தை பால், தண்ணீர் எதையும் குடிக்காமல் துவண்டால், மூத்திரம் போகாவிட்டால், மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தால் எந்த ஆப்பையும் திறக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் பில், சாட், மெயில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எனக்கு ஆப்பில் பழைய சாட் பாதி காணாமல் போய்விட்டது. இணைய வணிக விதிப்படி குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரை அவர்கள் வெளியிட வேண்டும், 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1800-11-4000. நான் பதிந்துவிட்டேன். ஒரு மாதம் முடிந்தும் 11,799 வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதாக இருக்கிறேன், மருந்துக்கடை அண்ணன் சாட்சி சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.