இரையும் ஃபிரிட்ஜ்: நம் கையா, மெக்கானிக்கா, புதியதா?

ஃபிரிட்ஜ் வழக்கத்துக்கு மாறாக இரையத் தொடங்கினால், பின்பக்கத்தை நாமே பார்ப்பது, மெக்கானிக்கை அழைப்பது, பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவது என்று மூன்று வழிகள் உள்ளன. எது மலிவு என்று கணக்குப் போடும் முன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். எந்த வழி என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்துவிடுகிறது. சேலத்தின் ஏப்ரல், மே வெயிலில் கம்ப்ரசர் நெடுநேரம் ஓடி முனகுவதும், அது நின்றபின் குழாயில் களகளவென்று ஒலிப்பதும் பழுதுகள் அல்ல.

நம் கையால் தீரும் சத்தங்கள் பலரும் நினைப்பதைவிட அதிகம். தரை சமமில்லாமல் ஒரு கால் தூக்கியிருந்தாலோ, பின்புறக் குழாய் சுவரில் உரசினாலோ, உருகிய நீர் சேரும் தட்டு கம்ப்ரசர் மேல் தளர்ந்து கிடந்தாலோ கடகடவென்று அதிரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலைத் திருகிச் சமன் செய்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, தட்டைச் சரியாகப் பொருத்தினால் செலவே இல்லாமல் முடியும். கம்ப்ரசரின் அடியிலுள்ள ரப்பர் புஷ் இறுகிப் போயிருந்தால் அதையும் மாற்றிவிடலாம். பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃபிராஸ்ட் ஃப்ரீ வகையில் உள்ளே ஒரு விசிறி உண்டு. பல மாடல்களில் ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் அது நின்றுவிடும். கதவைத் திறக்கையில் சத்தமும் அடங்கினால், விசிறி பனிக்கட்டியில் இடிக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மின்சாரத்தைத் துண்டித்து இரவு முழுவதும் கதவுகளைத் திறந்து வைத்துப் பனியை உருக விட வேண்டும். கத்தியால் குத்தி எடுப்பது குழாயையே ஓட்டையாக்கும். சில நாளில் பனி மீண்டும் பிடித்தால் அதை உருக்கும் ஹீட்டரிலோ தெர்மோஸ்டாட்டிலோ கோளாறு, அதற்கு ஆள் வேண்டும்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்று ஒலித்து கம்ப்ரசர் ஓடாமல் நிற்பது வேறு வகை. முதலில் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 170, 180 என்று இறங்கினால் ஸ்டெபிலைசர்தான் மருந்து. மின்னழுத்தம் சரியாக இருந்தால், கம்ப்ரசரை ஓடத் தொடங்க வைக்கும் சிறு பாகமான ரிலேயைச் சந்தேகிக்கலாம். கழற்றிக் குலுக்கும்போது உள்ளே கலகலத்தால் அது உடைந்திருக்கிறது. பக்கத்திலுள்ள கெப்பாசிட்டர் மின்னூட்டத்தைத் தக்கவைத்திருக்கும் என்பதால், மின்வேலை பழகாதவர் ரிலேயைத் தொடாமல் மின்னழுத்தம் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குளிரூட்டும் கேஸ் ஓடும் மூடிய குழாய்க்குள் சிக்கல் என்றால் மெக்கானிக்கைத் தவிர வேறு வழியில்லை. இன்றைய பல ஃபிரிட்ஜ்களில் ஆர்600ஏ எனும் எரியக்கூடிய வாயு இருக்கிறது; அளவு குறைவாக இருந்தாலும், அந்தக் குழாயை நெருப்பு வைத்து ஒட்டுவது நாமே வீட்டில் செய்யும் வேலையல்ல. தெருமுனை மெக்கானிக் விரைவாக வருவார், பேரமும் பேசலாம். ஆனால் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர்களுக்குப் பல நிறுவனங்கள் பத்தாண்டு உத்தரவாதம் தருவதால், அது நடப்பில் இருக்கும்வரை தாமதமானாலும் நிறுவனத்து ஆளை அழைப்பதே சரி. கேஸ் போடும்போது, குழாயில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டரையும் மாற்றினாரா என்று யாராக இருந்தாலும் கேட்டுவிட வேண்டும்.

உத்தரவாதம் முடிந்த பழைய ஒற்றைக் கதவுப் பெட்டியில் கம்ப்ரசரே போய்விட்டால் மட்டும் புதியது வாங்கும் பேச்சை எடுக்கலாம். வெறும் சத்தத்துக்காக வாங்குவது வீண்.

ஏற்காட்டில் இந்தக் கணக்குச் சற்று மாறும். சேலத்திலிருந்து மெக்கானிக் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டியிருப்பதால், வருகைக் கூலியே ரிலேயின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே கால், தட்டு, பனி ஆகிய மூன்றையும் தாமே பார்த்துவிட்டு அழைப்பவர்களுக்கே லாபம். புதியது வாங்குவோர் ஃபிரிட்ஜின் உட்புறம் ஒட்டிய தாளில் உள்ள வெப்பநிலை வகையைப் பார்க்க வேண்டும். 'டி' வகை 16 முதல் 43 டிகிரி வரையிலான சூழலுக்கானது. மலையின் மார்கழிக் குளிருக்கு, 10 டிகிரியிலிருந்து தாங்கும் 'எஸ்என்' வகை பொருத்தம். வண்டியில் படுக்க வைத்து ஏற்றி வந்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். சில மணி நேரமாவது நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.