பழைய பாட்டை வாசிப்பது என்றால் இப்படி வாசிக்க வேண்டும்: ‘போர்ட்வாக் எம்பயர்’ சிடி, தொகுப்பு 1

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம், கண்ணில் பட்டால் விடாதீர்கள். 2011-இல் வந்த சிடி. எங்கள் சுங்கை சிப்புட்டில் சிடி கடை என்ற ஒன்றே இப்போது இல்லை, ஈப்போவிலும் இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் இணையத்தில் பழைய சிடி விற்கும் ஒருவரிடம் 45 வெள்ளிக்கு வாங்கினேன். முதலில் வந்தது கீறல் விழுந்தது, நாலாவது பாட்டில் போய் நின்றுகொண்டது. படம் எடுத்து அனுப்பி, மூன்று வாரம் இழுத்தடித்த பிறகுதான் வேறொன்று அனுப்பினார். வாங்குகிறவர்கள் சிடியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

இது அதே பெயருள்ள ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காகப் பதிவு செய்த பாட்டுகள், எல்லாம் நூறு வருடத்துக்கு முந்திய ஜாஸும் நடனப் பாட்டும். 1920 ஜனவரியில் அங்கே மதுவிலக்குச் சட்டம் நடப்புக்கு வந்த சமயத்தில், அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரில் தொடங்குகிற கதை. தொடரைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது, நானும் பாதியில் விட்டுவிட்டேன். ஆனால் கதையில் யாரோ ஒரு கூடத்துக்குள் நுழையும்போது பின்னால் ஒரு பேண்டு வாசித்துக்கொண்டிருக்கும், நான் வசனத்தை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த பேண்டுதான் வின்ஸ் ஜியோர்டானோவின் நைட்ஹாக்ஸ். இந்தத் தொகுப்புக்கு 2012-இல் கிராமி விருதும் கிடைத்தது.

நான் ஏன் அதைக் கேட்டேன் என்றால், பள்ளிக்கூட பேண்டில் நான்கு வருடம் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தைத் தூக்கியவன் நான். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் கல்யாணம், கோயில் திருவிழா என்று இசைக்குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். பாட்டு கேட்டால் என் காது முதலில் அடியில், கனத்த கீழ்ச்சத்தம் வருகிற இடத்துக்குத்தான் போகும். இந்த சிடியில் அடியில் போனபோது அங்கே கிட்டாரும் இல்லை, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பேஸும் பெரும்பாலும் இல்லை. ஒரு பாட்டில் டியூபா, இன்னொன்றில் அதைவிடக் கரகரப்பாக, எருமை மூச்சு விடுகிற மாதிரி ஒன்று. பேஸ் சாக்ஸபோன். ஆள் உயரத்துக்கு வரும் பித்தளைக் குழாய். அதை வாசிப்பவர் ஜியோர்டானோவேதான், பேண்டையும் நடத்திக்கொண்டு இந்தக் கனத்தையும் அவரே சுமக்கிறார்.

ஏன் அந்தக் காலத்தில் இது? இதைப் புரிந்துகொண்டால் சிடியில் பாதி புரிந்த மாதிரி. 1925 வரைக்கும் பாட்டுப் பதிவில் மைக் கிடையாது. ஒரு பெரிய தகரக் கூம்பு இருக்கும், அதன் முன்னால் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்று வாசிக்க வேண்டும், அந்தச் சத்தத்தின் அதிர்வே கூம்பின் மறுமுனையில் இருக்கும் ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். மெல்லிய சத்தம் கூம்புக்குள் ஏறாது, அதனால் பெரிய பேஸின் தந்தி கேட்காது, டியூபாவும் பேஸ் சாக்ஸபோனும் கேட்கும். கிட்டார் கேட்காது, பான்ஜோ கேட்கும். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி எகிறிவிடும், அதனால் டிரம் அடிப்பவர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருப்பார், டக்கு டக்கு என்று. அன்றைக்கு நடனக் கூடத்தில் எப்படி வாசித்தார்கள் என்பது வேறு, இசைத்தட்டில் என்ன ஏறியது என்பது வேறு. நாம் இன்றைக்குக் கேட்கிற பழைய தட்டுகளில் அந்த ஏறியது மட்டும்தான் இருக்கிறது, அதுவும் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற இரைச்சலோடு.

அந்த இரைச்சல்தான் நம்மை ஏமாற்றுகிறது. அதைக் கேட்டதும் பாடுகிறவர்கள் எல்லாம் கிழவன் கிழவி என்று மனசு முடிவு பண்ணிவிடும். உண்மையில் அவர்கள் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள், ஊரில் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி வாசித்தவர்கள். ஜியோர்டானோ செய்திருப்பது அந்த வயதைத் திருப்பிக் கொண்டுவந்திருப்பது. அதே வாத்தியம், அதே ஆள் கணக்கு, அந்தக் காலத்தில் அச்சடித்து விற்ற அதே இசைக்குறிப்புத் தாள், ஆனால் இரைச்சல் இல்லை. புரூக்ளினில் உள்ள அவர் வீட்டில் இப்படி அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். சின்ன வயதில் பாட்டி வீட்டில் கைப்பிடி சுற்றும் பாட்டுப்பெட்டியில் கேட்டுப் பைத்தியம் பிடித்தவர். 1920களின் பெரிய இசைக்குழுக்களுக்குத் தாள் எழுதிய பில் சாலிஸ் என்பவர் உயிரோடு இருந்தபோது அவரிடமே போய்ப் பாடம் கேட்டிருக்கிறார். பேண்டு தொடங்கிய வருடம் 1976 என்றால் பாருங்கள், தொடருக்காக அவசரத்தில் சேர்த்த கூட்டம் இல்லை.

சரி, பாட்டுகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை.

இந்த சிடியில் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்க நேரம் இருக்கிறது என்றால் ‘கிரேஸி புளூஸ்’ கேளுங்கள். இதை முதலில் பாடியவர் மேமி ஸ்மித், பதிவு செய்தது 1920 ஆகஸ்ட் 10, நியூயார்க்கில். அதற்கு முன் கறுப்பினப் பெண் பாடிய புளூஸ் பாட்டு தட்டாக வந்ததே இல்லை, யார் வாங்குவார்கள் என்று கம்பெனிகள் நினைத்துக்கொண்டிருந்தன. வந்ததும் விற்றுத் தீர்ந்தது, அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் கறுப்பினப் பாடகிகளைத் தேடி ஓடின. இங்கே அதைப் பாடுபவர் கேத்தரின் ரஸல். அவருடைய அப்பா லூயிஸ் ரஸல் பனாமாவில் பிறந்தவர், 1919-இல் லாட்டரியில் 3,000 டாலர் விழுந்து, அந்தப் பணத்தில் நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிபெயர்ந்து பியானோ வாசித்து, பின்னால் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைக்குழுவையே நடத்தியவர். அம்மாவும் பெண்கள் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். ஆக, இந்தப் பெண்ணுக்கு இது பாடம் படித்து வந்த பாட்டு இல்லை, வீட்டுச் சொத்து. ஆனாலும் அவர் மேமி ஸ்மித் மாதிரி பாட முயற்சி செய்யவில்லை. மேமி ஸ்மித் கூம்புக்குள் சத்தம் ஏற வேண்டும் என்பதற்காக உரக்கப் பாட வேண்டியிருந்தது. இவருக்கு மைக் இருக்கிறது, அதனால் சில வரிகளைத் தோள்மேல் கை போட்டுச் சொல்கிற மாதிரி இறக்கிப் பாடுகிறார், அப்புறம் திடீரென்று எழுந்து நிற்கிறார். அந்த எழுந்து நிற்கிற இடத்தில் டிராம்போன் பின்னாலிருந்து இழுக்கும் ஒரு இழுப்பு இருக்கிறதே, அதை நான் ஒரே இரவில் எட்டு தடவை கேட்டேன்.

‘ஷேக் ஆஃப் அரேபி’ 1921-இல் வந்த பாட்டு, பாலைவனத்தைப் பார்க்காதவர்கள் பாலைவனத்தைப் பற்றி எழுதியது, வரிகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பாடுபவர் லியோன் ரெட்போன். வாயைப் பாதி திறந்து, மூக்கும் தொண்டையும் சேர்ந்து முனகுகிற ஆழமான குரல். 1970களிலிருந்தே பனாமா தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இந்தப் பாட்டுகளை மட்டுமே பாடி வந்தவர், தன்னைப் பற்றி யாருக்கும் சரியாக எதுவும் சொன்னதில்லை. 2019-இல் அவர் இறந்தபோது அவருடைய இணையப் பக்கத்தில் வயது 127 என்று போட்டிருந்தார்கள், உண்மையான வயது 69. பாட்டைக் கேட்டால் அந்த 127-ஐ நம்பத்தான் தோன்றும்.

ரெஜினா ஸ்பெக்டர் பாடும் ‘மை மேன்’ பிரான்சிலிருந்து வந்த பாட்டு, அழகாகத்தான் பாடுகிறார், ஆனால் எனக்கு ஒட்டவில்லை. சொற்களின் ஓரத்தை இன்றைக்குள்ள பாடகிகள் மாதிரி கொஞ்சம் மடித்துப் பாடுகிறார், பின்னால் 1921 நடக்கிறது, முன்னால் வேறு ஒரு வருடம் நடக்கிறது. மார்த்தா வெயின்ரைட் பாடும் ‘ஆல் பை மைசெல்ஃப்’ அப்படி இல்லை, தனியாக இருக்கும் பெண்ணின் பாட்டை அழாமல் பாடியிருக்கிறார். இன்னொரு குறை, சத்தம் சில பாட்டுகளில் ரொம்பவும் சுத்தம். தரை மரப்பலகை, வியர்வை, ஆடுகிறவர்களின் காலடி எல்லாம் இருக்கிற கூடத்தில் வாசித்த பாட்டு இது, அந்தக் கூடத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டிருக்கலாம்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் இவர்கள் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பாஸடீனா ரூஃப் ஆர்க்கெஸ்ட்ரா 1969-இலிருந்து இருக்கிறது. பெர்லினில் மாக்ஸ் ராபேயின் பாலாஸ்ட் ஆர்க்கெஸ்டர், அவர்கள் பாடும் ஜெர்மன் பாட்டுகளை எழுதியவர்களில் பலர் யூதர்கள், 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு நாட்டைவிட்டு ஓடியவர்களும் கொல்லப்பட்டவர்களும் அதில் உண்டு, அதனால் அங்கே அந்தப் பாட்டைத் திரும்பப் பாடுவதற்கு வேறொரு கனம் இருக்கிறது. ஆனால் ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த சிடிதான்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் இசைக்குழுக்களை நினைத்துக் கோபம் வருகிறது, அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருடம் ஒரு கல்யாணத்தில், மணப்பெண்ணின் பாட்டிக்காக ஒரு பாகவதர் பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். நான் அன்றைக்கு வாசித்த குழுவில் கீபோர்டு தம்பி ஒரு பொத்தானை அமுக்கினார், டிரம் தானாக ஓடியது, அதன் மேல் பாடகர் பாடினார். பாட்டி பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஆர்மோனியம், பிடில், மிருதங்கம், கிளாரினெட் என்று ஆள் ஆளாக உட்கார்ந்து வாசித்த பாட்டு அது. அந்தக் கால படங்களில் நடிகரே கேமராவுக்கு முன் பாட, வாத்தியக்காரர்கள் படத்தில் விழாமல் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள், அந்த நெருக்கம்தான் பாட்டின் சுகமே. நமக்கு ராகம் தெரிகிறது, வரி தெரிகிறது, பாட்டை எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் யாரும் தேடிப் போகவில்லை. நம் ஊரிலும் ஒருவர் பழைய வாத்தியத்தையும் தாளையும் தேடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நான் சம்பளம் வாங்காமல் போய் வாசிப்பேன், டியூபா வேண்டும் என்றால் டியூபா.

இன்னொன்று. இந்தப் பாட்டு நமக்கு என்ன சம்பந்தம் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அந்தக் காலத் தட்டுகள் அரக்கில் செய்தவை, அரக்கு போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. அந்தப் பிள்ளைகள் நடனத்துக்குக் காரில் போனார்கள், அமெரிக்கா அந்தக் கார்களின் டயருக்கு ரப்பரை வாங்கிக் குவித்தது, மலாயாவில் பால் மரம் வெட்டிய நம் ஆட்கள் கொட்டிய பாலும் அதில் இருந்தது. 1920-இல் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டங்களில் வேலை போனது, 1925-இல் விலை ஏறியபோது துரைமார் கிளப்புகளில் பாட்டுப்பெட்டி விடிய விடியப் பாடியது. எங்கள் தாத்தா ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். கிளப்பில் ஆட்டம் நடக்கிற இரவில் வெளியே நின்று கேட்டிருக்கிறார், உள்ளே போக முடியாது. மறுநாள் லயத்தில் எல்லோருக்கும் அதை நடித்துக் காட்டுவாராம், மரம் சீவும் உளியின் பிடியால் பால் பிடிக்கும் கோப்பையைத் தட்டித் தட்டி. இதை அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். ஏன் தட்டிக் காட்டினார், ஏன் பாடிக் காட்டவில்லை என்று நான் யோசித்ததே இல்லை.

அப்பாவுக்கு இப்போது 84. போன ஞாயிறு மாலை வீட்டு முன் அஞ்சடித் திண்ணையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் உள்ளே ‘லிவரி ஸ்டேபிள் புளூஸ்’ போட்டேன். 1917-இல் வந்த முதல் ஜாஸ் தட்டில் இருந்த பாட்டு இது, கிளாரினெட் சேவல் மாதிரி கூவும், கார்னெட் குதிரை மாதிரி கனைக்கும், டிராம்போன் மாடு மாதிரி கத்தும். சேவலுக்குச் சிரித்தார். அப்புறம் மரக்கட்டை வந்தது. அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலிக் கையில் விரலால் தட்ட ஆரம்பித்தார், டக்கு டக்கு, டக்கு டக்கு, பாட்டோடு ஒரு இடத்திலும் பிசகாமல். “இதுதான்டா,” என்றார். “தாத்தா தட்டுவாரே, இதுதான்.” முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.