ஒற்றை அச்சு காஸ் மீட்டர்: உயர் அழுத்த மின்கம்பி அருகே அளக்க உதவுமா?

உதவும், பொறுமை இருந்தால். காந்தப்புலத்தை அளக்கும் இந்தக் கருவி, ஒரு நேரத்தில் ஒரு திசைப் புலத்தைத்தான் பிடிக்கும். கருவியைத் திருப்பினாலே எண் சரிந்துவிடும். ஒரே புள்ளியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் அளந்து, வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 2, 3, 6 மில்லிகாஸ் வந்தால் மொத்தம் 7, அதாவது 0.7 மைக்ரோடெஸ்லா. ஃப்ரிட்ஜ் (குளிர்பதனப் பெட்டி) பக்கத்தில் அளந்துவிட்டு மின்கம்பியைப் பழிக்காதீர்கள்! மின்பளு மாறுவதால் காலை, மாலை, நள்ளிரவு மூன்றும் தேவை. நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸில், பொதுமக்களுக்கான ஐசிஎன்ஐஆர்பி (கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம்) வரம்பு (2010) 200 மைக்ரோடெஸ்லா. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு ஆய்வுகள் கண்ட தொடர்பு, காந்தப்புலத்தின் நீண்டகாலச் சராசரி 0.3–0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டும்போதுதான், அதுவும் காரணமென நிறுவப்படவில்லை. ஒரு நிமிட அளவு சராசரி ஆகாது. கட்டுப்படியானால் மூன்று அச்சு மீட்டரையே வாங்குங்கள்.